நுங்கு வண்டி செய்யும் முறை

பனங்காய்களைச் சக்கரமாக்கிச் சிறுவர்கள் தள்ளி விளையாடும் நுங்கு வண்டிக்கு, சித்திரை, வைகாசி மாதங்களில் நுங்கு வாங்கும்போது, சுளைகளைத் தனியே எடுக்க வேண்டாம் என்று சொல்லி, தலைப்பகுதி மட்டும் சீவிய முழுக் காய்களாகவே கேட்டு வாங்குங்கள். ஒத்த அளவுள்ள இரண்டு காய்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்று சிறிதாக இருந்தால், வண்டி நேரே ஓடாமல் அந்தப் பக்கமே வளைந்து செல்லும்.

கட்டைவிரலால் நோண்டி, நீர் சிந்தாமல் உறிஞ்சித் தின்ற பிறகு (இந்தச் சுகத்தை அவசரப்பட்டு இழந்துவிடாதீர்கள்), மூன்று கண்களுக்கும் நடுவே, இரு முனைகளும் கூராகச் சீவப்பட்ட, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான குச்சியைச் செருகி, மறுமுனையில் அடுத்த காயையும் அவ்வாறே பொருத்துங்கள். பச்சை நார் குச்சியை இறுகப் பற்றிக்கொள்வதால் ஆணியோ கயிறோ தேவையில்லை. காய்களோடு சேர்ந்து குச்சியும் சுழல்வதால், அதன் நடுப்பகுதியைக் கணுவின்றி வழவழப்பாகச் செதுக்க வேண்டும்.

பிறகு, நெஞ்சுயரக் கவட்டைக் கம்பின் கவையை அந்த நடுப்பகுதியில் பதித்துத் தள்ளினால், வண்டி புழுதியில் இரட்டைத் தடம் பதித்து ஓடும். சில நாட்களில் காய் உலர்ந்து, குச்சி தளர்ந்துவிடும். எங்கள் பாட்டி அதைப் பார்த்ததுமே அடுத்த குலைக்குச் சொல்லி அனுப்புவார்.