அமெரிக்காவில் பணியில்லா நேரத்தில் டிரக்கைச் சொந்தத் தேவைக்கு ஓட்டுவதும் அதைப் பதிவு செய்வதும்

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கேற்றிச் செல்லும் ஓட்டுநர், தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் வரைதான் டிரக் ஓட்டலாம். ஓய்வு நேரத்தில் அதே டிரக்கில் உணவகத்துக்கோ வீட்டுக்கோ போய்வந்தால், அந்த நேரத்தை 'பெர்சனல் கன்வேயன்ஸ்' என்ற பிரிவில் பணியில்லா நேரமாகப் பதியலாம். எஃப்எம்சிஎஸ்ஏ எனப்படும் கூட்டாட்சிப் பாதுகாப்பு அமைப்பு 2018ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட விளக்கத்தின்படி, டிரெய்லரில் லோடு இருந்தாலும் இதற்குத் தடையில்லை. தூரத்துக்கும் வரம்பு குறிக்கப்படவில்லை. ஆனால் இது சலுகையே தவிர உரிமை அன்று. நிறுவனம் இதை அடியோடு தடை செய்யலாம், தூர வரம்பு வைக்கலாம், லோடுடன் கூடாது என்றும் சொல்லலாம் என்பதால், முதலில் உங்கள் நிறுவனத்தின் விதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, டிரக்கை நகர்த்துவதற்கு முன், இந்த ஓட்டத்தால் பயன் யாருக்கு என்று பாருங்கள். நீங்கள் வேலைப் பொறுப்பிலிருந்து முழுமையாக விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். தங்கியிருக்கும் டிரக் ஸ்டாப்பிலிருந்து சாப்பிடப் போவது, டெர்மினல் எனப்படும் நிறுவனத்தின் டிரக் நிலையத்திலிருந்து வீடு திரும்புவது, வீட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்வது ஆகியவை உங்களுக்கானவை. காலி டிரெய்லருடன் அடுத்த லோடை எடுக்கப் போவதும், பழுது பார்க்க ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு செல்வதும், சரக்கை இறக்கியபின் நிறுவனத்தின் டெர்மினலுக்குத் திரும்புவதும் நிறுவனத்துக்கானவை. டிரெய்லர் காலியாக இருப்பதால் அவை சொந்தப் பயணம் ஆகிவிடுவதில்லை.

அதிகம் சிக்குவது வேலை நேரம் தீர்ந்துபோகும் இடத்தில்தான். கிடங்கில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ காத்திருந்தே உங்கள் நேரம் முடிந்துவிட்டால், அங்கிருந்து அருகில் நியாயமாகக் கிடைக்கும் முதல் பாதுகாப்பான இடத்துக்குச் சொந்தப் பயணமாகப் போகலாம்; போய்ச் சேர்ந்தபின் போதிய ஓய்வுக்கு நேரம் இருக்க வேண்டும். அந்த இடத்தைத் தாண்டி, நாளைய லோடுக்குப் பக்கமாக இருக்கிறதே என்று வேறொரு டிரக் ஸ்டாப்புக்குப் போனால் அது விதிமீறல். நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது நேரம் தீர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. நிறுத்துமிடத் தட்டுப்பாட்டை அறிந்தவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றினாலும் விதி அதுதான். நேர மீறலுக்காக அதிகாரி உங்களை நிறுத்திவைத்துவிட்டால், அவரே சொன்னாலொழிய நகரக் கூடாது.

பதியும் முறை எளிது. டிரக்கை நிறுத்திய நிலையில், இஎல்டி என்ற மின்னணுப் பதிவுக் கருவியில் சொந்தப் பயன்பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது கேட்கும் இடத்தில் காரணத்தை எழுதுங்கள். 'சொந்த வேலை' என்று மட்டும் எழுதினால் போதாது. 'இறக்குமிடத்தில் நேரம் முடிந்தது, அருகிலுள்ள ஓய்விடத்துக்குச் செல்கிறேன்' என்பதுபோல, சோதனை அதிகாரி படித்தவுடன் புரியும்படி இருக்கட்டும். இந்தப் பிரிவில் கருவி உங்கள் இருப்பிடத்தைச் சுமார் 10 மைல் ஆரத்துக்குள் மட்டுமே காட்டும் என்பதால், உங்கள் குறிப்புதான் விளக்கமாக நிற்கும். வழியில் இன்ஜினை அணைத்து மீண்டும் இயக்கினால், சொந்தப் பயன்பாடு தொடர்கிறதா என்று கருவி கேட்கும், உறுதிசெய்துவிட்டே கிளம்புங்கள். பயணம் முடிந்ததும் அந்தப் பிரிவை மறக்காமல் நீக்கிவிடுங்கள். தொடக்கத்தில் மாற்ற மறந்து, ஓட்டும் நேரமாகத் தானே பதிவாகிவிட்டால், அதைக் குறைத்துத் திருத்த முடியாது. நடந்ததைக் குறிப்பாக எழுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

சொந்தப் பயணம் 14 மணி நேரக் கணக்கை நிறுத்தி வைப்பதில்லை. 10 மணி நேர ஓய்வுக்குள் அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும், ஓய்வு முழுவதையும் சாலையில் கழித்துவிட்டு மறுநாள் களைப்புடன் ஓட்டுவது தனிக் குற்றம்.

கனடாவிலிருந்து எல்லை தாண்டி ஓட்டும் தமிழ் ஓட்டுநர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கனடாவின் கூட்டாட்சி விதியில் சொந்தப் பயன்பாடு நாளொன்றுக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சரக்கு இறக்கப்பட்டிருக்க வேண்டும், டிரெய்லர் கழற்றப்பட்டிருக்க வேண்டும், தொடக்கத்திலும் முடிவிலும் ஓடோமீட்டர் அளவைப் பதிய வேண்டும். அமெரிக்காவில் லோடுடன் செல்லுபடியாகும் அதே பயணம் எல்லைக்கு வடக்கே ஓட்டும் நேரமாகவே கணக்கிடப்படும்.