ஃபேட்டி லிவர்: ‘கிரேடு ஒன்றுதானே’ என்று விட்டுவிடாதீர்கள்

பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “கிரேடு ஒன்றுதான் ஐயா, எண்ணெயைக் குறையுங்கள், போதும்” என்று நோயாளியை அனுப்பிவைக்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே வசனத்தைத்தான் ஒப்பித்தேன். மது கூடாது, நடக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன். ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு தேங்கியவர்கள் செய்யும் மற்றத் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கிரேடை நம்பி உட்கார்ந்திருப்பது

வயிற்று ஸ்கேனில் வரும் கிரேடு, கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைத் தோராயமாகச் சொல்கிறது. அவ்வளவுதான். கல்லீரலைச் சாய்ப்பது நாள்பட்ட அழற்சியால் ஏறும் தழும்பு. அது முற்றினால் சிரோசிஸ். தொடக்கநிலைத் தழும்பு சாதாரண ஸ்கேனில் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. சரியாக இருப்பதாலேயே தழும்பு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

ஒருவர் வந்தார். வயது 58, நெடுநாள் சர்க்கரை நோய். “போன தடவை கிரேடு இரண்டு, இப்போது ஒன்று. குறைந்துவிட்டது டாக்டர்” என்று சிரித்தபடி பிளாஸ்டிக் உறையை நீட்டினார். அதே உறைக்குள் ரத்தப் பரிசோதனைத் தாளும் இருந்தது: எஸ்.ஜி.ஓ.டி. (இதுவும் அதுபோன்ற நொதிதான்) 62, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1,40,000. தழும்பைக் கணிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் எடுத்த தட்டணு எண்ணிக்கையை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதைக் கொண்டு வகுக்க வேண்டும். 58 × 62 ÷ (140 × 7). விடை 3.67. 1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 2.67ஐத் தாண்டினால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் அந்தச் சந்தேகத்தை உறுதிசெய்தது. சிரோசிஸ் முற்ற முற்றக் கல்லீரலில் இருந்த கொழுப்பு தானாகவே வடிந்துவிடுவதுண்டு. அவர் சிரித்துக்கொண்டே காட்டிய குறைவை நான் அப்படித்தான் படித்தேன்.

இத்தனைக்கும் அந்த ரத்தப் பரிசோதனைகளை அவர் ஆண்டுதோறும் செய்துகொண்டுதான் இருந்தார். பைசா செலவில்லாத கணக்கு, செல்போனில் அரை நிமிடம். ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை! இப்போதும் வயிறு எரிகிறது. சர்க்கரை நோயும் ஃபேட்டி லிவரும் சேர்ந்திருந்தால், “என் ஃபிப்-4 எவ்வளவு?” என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. 65ஐக் கடந்தவர்களுக்கு 1.3க்குப் பதில் 2.0 என்று கொள்வது வழக்கம்.

“நான் ஒல்லிதானே?”

கை கால் மெலிந்து தொப்பை மட்டும் முன்னே நிற்கும் உடம்பு நம்மிடையே சாதாரணம். அந்த உடம்பிலும் ஃபேட்டி லிவர் வரும். எடை இயந்திரத்தை விட்டுவிட்டு நாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

மாதத்தில் பத்து கிலோ

பட்டினி கிடந்து மளமளவென்று இளைத்தால் கல்லீரல் அழற்சி கூடலாம், பித்தப்பையில் கல்லும் சேரலாம். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு வடியத் தொடங்கும். தழும்பு ஆற 10 சதவீதம் வேண்டியிருக்கும். 80 கிலோ இருப்பவருக்கு அது 8 கிலோ. ஆறு மாதம், ஓராண்டு ஆகட்டும்.

பழச்சாறு

பழமாகவே தின்னுங்கள்.

சீந்தில் கஷாயம்

கொரோனாக் காலத்தில் இதைக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். “மூலிகைதானே” என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துவது

‘லிவருக்கு ஆகாது’ என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம், ஸ்டாட்டினை நிறுத்திவிட்டார்களாம். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரைக் கல்லீரலைவிட அதிகமாகப் பறிப்பது இதய நோய். எஸ்.ஜி.பி.டி. லேசாக ஏறியிருப்பது அந்த மாத்திரையை நிறுத்தக் காரணமாகாது. நிறுத்துவதானால் எழுதிக்கொடுத்த மருத்துவர் சொல்லட்டும்.