பத்து டிக்கும் ஒரே கட்டத்தில்: உளவியல் அளவுகோல்களில் முரண் விடைகளைக் கையாளும் முறை

அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட, ஒருவர் தன்னை எவ்வளவு மதிக்கிறார் என்று அளக்கும் தன்மதிப்பு அளவுகோலில் பத்துக் கூற்றுகள். தன்னை உயர்வாகச் சொல்லும் ஐந்து நேர்க்கூற்றுகள், தாழ்வாகச் சொல்லும் ஐந்து எதிர்க்கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஒருவர் எதையும் படிக்காமல் பத்துக்கும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்று டிக் அடித்தால், 1 முதல் 4 வரை மதிப்பிட்டு எதிர்க்கூற்றுகளைத் திருப்பிய (4ஐ 1 ஆகவும் 3ஐ 2 ஆகவும், அப்படியே எதிர்ப்பக்கமாகவும் மாற்றிய) பிறகு அவருக்கு 20 + 5 = 25 வரும். பத்துக்கும் ‘சற்றும் உடன்படவில்லை’ என்றாலும் 5 + 20 = 25தான். நடுவில் எந்தக் கட்டத்தைப் பிடித்தாலும் அதே 25. 10இல் தொடங்கி 40இல் முடியும் அளவுகோலுக்கு இது நட்டநடு மதிப்பெண். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால், இப்படி ஒன்றோடொன்று பொருந்தாத முரண் விடைகள் தந்த அவரிடம் எந்தக் குறையும் தெரியாது. அதனால் கூட்டுவதற்கு முன்பே ஒவ்வொருவரின் விடை வரிசையையும் பார்த்துவிட வேண்டும்.

முதல் சந்தேகம் உங்கள் கோப்பின் மேல் விழட்டும். 1–4 தவிர வேறு எண் இருக்கிறதா? விடுபட்ட விடைக்கு இட்ட 99 அப்படியே கணக்கில் சேர்ந்திருக்கிறதா? ஒரு கூற்றுக்கும் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) எதிர்மறையாக வந்தால், அந்தக் கூற்றைத் திருப்ப மறந்திருப்பீர்கள், அல்லது இரண்டு முறை திருப்பியிருப்பீர்கள். ரோசன்பெர்க் கூற்றுகள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் புழங்குகின்றன. ஒரு வரிசையின் விடைக்குறிப்பை இன்னொரு வரிசைக்குப் போட்டால் பலர் முரணாகத் தெரிவார்கள். அது அவர்கள் செய்த பிழை அல்ல.

அடுத்து, தொடர்ச்சியாக ஒரே விடை எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். இதைத் திருப்புவதற்கு முந்தைய மூல விடைகளில்தான் எண்ண வேண்டும். பலரும் திருப்பிய கோப்பில் எண்ணிவிடுகிறார்கள். அங்கே 3, 3, 3 என்று வருபவர் நிதானமாகப் படித்து, நல்ல தன்மதிப்போடு பதில் சொன்னவர். அவரை நீக்கினால் நல்ல தரவு போய்விடும். மூல வரிசையில் பத்தும் ஒன்றாக இருந்தால் முரண் உறுதி. ஆறு, ஏழு என்றால் மற்ற அடையாளங்களையும் தேடுங்கள். 1-2-3-4-1-2-3-4 என்று படிக்கட்டு போட்டவர் இந்த எண்ணிக்கையில் சிக்கமாட்டார். அவரைக் கண்ணால் பார்த்தே பிடிக்க வேண்டும்.

இணையம் வழியாகக் கேட்டிருந்தால் நேரம் நல்ல சான்று. கூற்றுக்கு 2 விநாடிக்கும் குறைவு, அதாவது பத்துக்கு 20 விநாடிக்கும் குறைவு என்றால் படித்திருக்க வாய்ப்பில்லை என்பது பரவலான விதி. தமிழ் மொழிபெயர்ப்பில் வாக்கியம் நீண்டிருந்தால் நீங்களே வேகமாகப் படித்துப் பார்த்து எல்லையை உயர்த்துங்கள். நீண்ட வினாத்தாளில், ‘இந்த வரிக்கு உடன்படவில்லை என்று குறிக்கவும்’ போன்ற சோதனைக் கூற்று ஒன்றிரண்டு போதும். நேரில் வாசித்துக் கேட்கும் கள ஆய்வில் அதனால் பயனில்லை.

ஒருவரின் விடைத்தொகுப்பு மற்றவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் மஹலநோபிஸ் தூரம், கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி.சி. மஹலநோபிஸ் 1936இல் தந்த அளவு. பத்துக் கூற்றுகளுக்கு 0.001 மட்டத்தில் (தற்செயலாக ஆயிரத்தில் ஒருவரே தாண்டும் அளவில்) அதன் எல்லை (தூரத்தின் வர்க்கத்துக்கு) 29.59. ஆனால் நான்கு கட்ட விடைகள் இயல்நிலைப் பரவலில் அமைவதில்லை. உண்மையாகவே மிகக் குறைந்த தன்மதிப்பு உள்ளவர்கள் மாதிரியில் அரிது என்பதாலேயே இந்த எல்லையைத் தாண்டக்கூடும். ஆய்வு யாருக்காக நடக்கிறதோ அவர்களையே நீக்கிவிடும் ஆபத்து இது. இந்த அளவை மட்டும் வைத்து ஒருவரையும் நீக்காதீர்கள். விடைக்கோட்பாட்டு மாதிரியிலிருந்து (ஒவ்வொரு விடையும் வருவதற்கான வாய்ப்பைக் கணிக்கும் கணித மாதிரி) வரும் ஆள்-பொருத்தக் குறியீடுகளுக்கும் (ஒருவரின் விடைகள் அந்தக் கணிப்போடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எல்-இசட் போன்றவை) எச்சரிக்கை வேண்டும். பத்துக் கூற்றுகள் அவற்றுக்குக் குறைவு; பல முரண்கள் தப்பிவிடும். 5% மட்டத்தை எல்லையாக வைத்தால் முரணே இல்லாத 400 பேரிலும் ஏறக்குறைய 20 பேர் சிக்குவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, சிக்கியவர்களின் விடைகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, எந்தக் கூற்றில் முரண்படுகிறார்கள் என்று பாருங்கள். தமிழில் செய்த ஆய்வுகளுக்கு இதுவே மிக முக்கியமான படி. நம் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. ‘பெருமைப்பட என்னிடம் அதிகமாக எதுவும் இல்லை’ என்ற கூற்றை அவசரமாகப் படிப்பவர் ‘இல்லை’ வருவதற்குள் டிக் அடித்துவிடுவார். வாசித்துக் கேட்டால் இன்னும் சிக்கல்: ‘இல்லைங்க’ என்று ஒருவர் சொன்னால், அது ‘ஆமாம், எதுவும் இல்லை’ என்ற ஒப்புதலா, ‘அப்படி இல்லை’ என்ற மறுப்பா? கள ஆய்வாளர் ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் குறிப்பார். ஆகவே முரண் விடைகளைக் கள ஆய்வாளர் வாரியாகப் பிரித்து எண்ணுங்கள். ஒருவரிடமே குவிந்திருந்தால் பயிற்சியில்தான் கோளாறு. தன்மேல் இன்னும் அதிக மரியாதை இருந்தால் நன்றாயிருக்கும் என்ற கூற்று வேறொரு வகை. தன்மதிப்பு நிறைந்தவரும் அதை நல்ல ஆசையாக எடுத்துக்கொண்டு ஒப்புக்கொள்வார். பல மொழிபெயர்ப்புகளில் தொல்லை தந்த கூற்று இது. இதில் மட்டும் முரண்படுபவரை நீக்காமல் கூற்றைத்தான் திருத்த வேண்டும்.

நீக்கும் விதியை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். ஒன்றையொன்று சாராத இரண்டு அடையாளங்கள் (உதாரணமாக, மிகக் குறைந்த நேரமும் பத்தும் ஒரே விடையும்) சேர்ந்தால் நீக்கலாம். ஒன்று மட்டும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் பரிந்துரை. பிறகு ஆல்ஃபாவையும் (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) காரணிப் பகுப்பாய்வையும் (கூற்றுகளுக்குப் பின்னால் எத்தனை பொதுப் பண்புகள், அதாவது காரணிகள், இருக்கின்றன என்று பார்ப்பது) எல்லோரோடும் ஒரு முறை, நீக்கியவர்கள் இல்லாமல் ஒரு முறை செய்து, இரண்டையும் வெளியிடுங்கள். எதிர்க்கூற்றுகளைக் கவனிக்காமல் விடையளித்தவர்கள் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஒரு காரணி அளவுகோல் இரண்டு காரணியாகத் தோன்றக்கூடும் என்று கணினியில் தரவை உருவாக்கிப் பார்த்த உருவகப்படுத்தல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீக்கியதும், எதிர்க்கூற்றுகள் மட்டும் தனியே சேர்ந்த ‘எதிர்மறைக் காரணி’ கரைந்துவிட்டால் அதற்குக் கோட்பாட்டு விளக்கம் தேட வேண்டாம்.

எல்லா அளவுகோலுக்கும் இதே விதி பொருந்தாது. மனச்சோர்வை அளக்கும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை விடை தரும் ஒன்பது கூற்றுகள் கொண்ட பி.எச்.கியூ-9இல் எதிர்க்கூற்றே கிடையாது. ஒன்பதுக்கும் 0 என்று தருபவர் நலமாக இருக்கும் சாதாரண மனிதராகவே இருக்கலாம். அதே தாளில் எட்டுக் கூற்றுகளுக்கு 0 போட்டு, தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவதில் மட்டும் 3 குறித்த ஒருவரை ஆள்-பொருத்தக் குறியீடு முரண் என்று சொல்லக்கூடும். அவருடைய வரியை நீக்குவதா வைத்துக்கொள்வதா என்பது பிறகு. விடை வந்த அன்றே, ஆய்வின் பாதுகாப்பு நெறிப்படி, பயிற்சி பெற்ற ஒருவர் அவரிடம் பேச வேண்டும்.