ஓடும் வாகனத்திலிருந்து உண்மைக் காற்றை அளத்தல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் ஆடி மாதத்தில் பரந்தனிலிருந்து வடக்கே ஆனையிறவை நோக்கி மோட்டார் சைக்கிளில் செல்பவர் எவரும், காற்று எதிரே இடப்புறமாக வந்து முகத்தில் அடிக்கிறது என்றே சொல்வார். உப்பளத்தருகே அவர் வண்டியை நிறுத்தினால், அதே காற்று இடது தோளுக்குப் பின்னாலிருந்து முதுகைத் தள்ளுவதைக் காண்பார். ஓடும்போது உணரப்படுவது தோற்றக் காற்று. நின்றபின் உணரப்படுவது உண்மைக் காற்று. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள் இதைச் சார்பு வேகக் கணக்காக முன்பே செய்திருப்பார்கள். படிக்காதவர்களுக்கும் ஒரு வரைபுத்தாளும் அடிமட்டமும் போதும்.

தேவையானவை

கிண்ண வகைக் காற்றுவேகமானி ஒன்று, பாகை குறித்த வட்டத்தட்டின் நடுவே தடையின்றிச் சுழன்று காற்று வரும் பக்கத்தைக் காட்டும் திசைகாட்டி ஒன்று, ஜிபிஎஸ் உள்ள கைத்தொலைபேசி ஒன்று ஆகியவை வேண்டும். கையில் பிடிக்கும் விசிறி வகை மானி காற்றுக்கு நேரே திரும்பியிருந்தால்தான் சரியாகக் காட்டும் என்பதால், இந்த வேலைக்குக் கிண்ண வகையே நல்லது. வாசிப்புகளைக் குறிப்பதற்குச் சாரதி அல்லாத இன்னொருவர் கட்டாயம் உடன் வர வேண்டும்.

பொருத்துதல்

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. வாகனத்தின் கூரை எதிர்வரும் காற்றை மேலே தள்ளுவதால், கூரையை ஒட்டிய பகுதியில் காற்று இயல்பைவிட விரைவாக ஓடும். ஆகவே பிக்அப் வண்டியின் முன்பகுதியில் ஒரு குழாயை நிறுத்தி, மானியைக் கூரைக்கு மேலே குறைந்தது ஒரு மீற்றர் உயரத்தில் பொருத்துங்கள். அமெரிக்காவில் 1994, 1995ஆம் ஆண்டுகளில் நடந்த வோர்டெக்ஸ் சுழல்காற்று ஆய்விலும் கார்களின் கூரைக்கு மேலே சட்டம் அமைத்தே கருவிகளைப் பொருத்தினார்கள். திசைத்தட்டின் 0 பாகைக் கோடு வாகனத்தின் மூக்குக்கு நேராக இருக்கிறதா என்பதை நூல் பிடித்துப் பாருங்கள்.

அடுத்து, இலை அசையாத ஒரு விடியற்காலையில் நேரான வீதியில் ஓடிப் பாருங்கள். உண்மைக் காற்று இல்லாதபோது மானியின் வாசிப்பும் ஜிபிஎஸ் காட்டும் கதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜிபிஎஸ் செக்கனுக்கு 10 மீற்றர் என்றும் மானி 11 என்றும் காட்டினால், பின்னர் எடுக்கும் எல்லா வாசிப்புகளையும் 1.1ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டமும் குறிப்பும்

மணிக்கு 36 கிலோமீற்றர் என்ற மாறாக் கதியில் ஓடுங்கள். அது செக்கனுக்குச் சரியாக 10 மீற்றர் என்பதால் கணக்கு இலகுவாகும். விரைவாக ஓடுவதால் நன்மை ஏதுமில்லை. கதி செக்கனுக்கு 20 மீற்றராக இருந்து மானியில் 5 வீதப் பிழை இருந்தால், அந்தப் பிழை மட்டுமே 1 மீற்றர் ஆகிவிடும். அன்றைய காற்றே 2 மீற்றர்தான் என்றால் அளவீட்டில் பாதி பொய்யாகும். வாகனம் செல்லும் திசையை ஜிபிஎஸ் தடத்திலிருந்து எடுங்கள். வண்டியின் இரும்பு தொலைபேசியின் காந்தத் திசைகாட்டியைக் குழப்பும். ஐந்து செக்கனுக்கு ஒருமுறை என ஒரு நிமிடத்துக்கு வாசிப்புகளைக் குறியுங்கள். பேருந்தோ லொறியோ கடந்த கணத்தில் எடுத்த வாசிப்பை வெட்டிவிடுங்கள்.

கணக்கு

பரந்தனிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே 10 மீற்றர் கதியில் செல்கிறோம் என்றும், மானி 7.2 மீற்றரும் திசைகாட்டி முன்னிருந்து இடப்புறமாக 56 பாகையும் காட்டுகின்றன என்றும் கொள்வோம். வரைபுத்தாளில் 1 சென்ரிமீற்றரை 1 மீற்றராகக் கொண்டு, காற்று வரும் பக்கத்தை நோக்கி 7.2 சென்ரிமீற்றர் கோடு வரைந்தால், அதன் முன்கூறு (முன்னோக்கிய பங்கு) 4 ஆகவும் இடக்கூறு (இடப்புறப் பங்கு) 6 ஆகவும் இருக்கும். முன்கூறிலிருந்து வாகனக் கதியான 10ஐக் கழித்தால் −6 வரும். அதாவது காற்று பின்னாலிருந்து வருகிறது. இடக்கூறில் மாற்றமில்லை. பின்னே 6, இடமே 6 என்ற இரண்டையும் சேர்த்தால் உண்மைக் காற்று 8.5 மீற்றர், அது வரும் திசை தென்மேற்கு, அதாவது 225 பாகை. காற்றின் திசை என்றால் அது வருகிற திசையே, போகிற திசை அல்ல.

கணிப்பானை நம்பி இந்த இடத்தில் நான் ஒருமுறை ஏமாந்தேன். வடக்கையும் கிழக்கையும் நேர்க்குறியாகக் கொண்டால், தெற்கே 6, மேற்கே 6 என்ற நம் கூறுகள் இரண்டும் −6 ஆகும். −6ஐ −6ஆல் வகுத்தாலும் 6ஐ 6ஆல் வகுத்தாலும் விடை 1 என்பதால், விகிதத்திலிருந்து கோணம் தரும் நேர்மாறுதான்சன் (tan⁻¹) இரண்டுக்கும் 45 பாகை, அதாவது வடகிழக்கு, என்றே சொல்லும். அதை அப்படியே எழுதியதால், என் குறிப்புப் புத்தகத்தின்படி ஆடி மாதத்தில் வன்னியில் வாடை வீசியது! கூறுகளின் குறியைப் பார்த்து எந்தக் காற்பகுதி (வடகிழக்கா, தென்மேற்கா) என்று முதலில் தீர்மானியுங்கள்.

சராசரி எடுக்கும்போதும் கவனம் தேவை. 350 பாகையையும் 10 பாகையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும், வடகாற்று தென்காற்றாகிவிடும். ஆகவே கோணங்களை விட்டு, கூறுகளுக்கே சராசரி எடுங்கள்.

சரிபார்த்தல்

உடனே வண்டியைத் திருப்பி அதே துண்டு வீதியில் தெற்கே ஓடுங்கள். அதே காற்று தொடர்ந்தால், இப்போது மானி 17.1 மீற்றரும் திசைகாட்டி வலப்புறம் 21 பாகையும் காட்ட வேண்டும். முன்கூறு 16இலிருந்து 10ஐக் கழித்தால் முன்னே 6, வலமே 6, மறுபடியும் 8.5 மீற்றர், தென்மேற்கு. இரண்டு விடைகளும் பெரிதும் வேறுபட்டால் திசைத்தட்டின் 0 கோட்டையும் 1.1 போன்ற திருத்தக் காரணியையும் மறுபடி பாருங்கள்.

இடத்தேர்வும் முக்கியம். மாங்குளத்துக்குத் தெற்கே ஏ9 வீதியின் இருபுறமும் காடு நிற்கும் இடங்களில் மரங்கள் தடுத்த காற்றுத்தான் கிடைக்கும். ஆனையிறவுக் கடல்நீரேரி வெளியில் அந்தத் தடை இல்லை. எனினும் வானிலை நிலையங்கள் 10 மீற்றர் உயரத்தில் அளக்கின்றன. நம் மானி நிற்பதோ அதைவிடத் தாழ்வான உயரத்தில் என்பதால் நமது எண் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் நேரம், இடம், வாகனத்தின் கதி, செல்லும் திசை ஆகியவற்றோடு நிலத்திலிருந்து மானியின் உயரத்தையும் எழுதிவையுங்கள்.