ப்ராசசர் பூஸ்ட்: மதிய வெப்பத்தில் சோதித்துப் பாருங்கள்

இன்டெல்லின் டர்போ பூஸ்ட், ஏஎம்டியின் ப்ரிசிஷன் பூஸ்ட் இரண்டும் கணினியை இயக்கிய முதல் நாளிலிருந்தே வேலை செய்கின்றன. யாரும் முடுக்கிவிட வேண்டியதில்லை. வெப்பம், மின்னோட்டம், வாட் அளவு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே ப்ராசசர் தன் வேகத்தை ஏற்றி இறக்கும். சிக்கல், மதர்போர்டு அதற்கு மேல் செய்யும் வேலையில்தான். 'மல்டி கோர் என்ஹான்ஸ்மென்ட்' போன்ற பெயர்களில் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) இருக்கும் வசதிகள், சிப்புக்கு வைத்த எல்லைகளைத் தூக்கிவிடுகின்றன. சில போர்டுகளில் வாட் எல்லை 4096 என்று இருக்கும். எல்லையே இல்லை என்று பொருள். முதலில் அந்த எல்லையைத் திரும்ப வைப்போம், பிறகு அதற்குள் வேகம் தேடுவோம்.

தொடங்குமுன் இப்போதைய நிலையை அளந்துகொள்ளுங்கள். வெப்பம், வாட் முதலியவற்றைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ64 செயலி திறந்திருக்க, ப்ராசசருக்கு முழுச் சுமை தரும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை 10 நிமிடம் ஓட்டி, அதிகபட்ச வெப்பம், வாட், கோர் வேகம் மூன்றையும் குறித்து வையுங்கள். இதை எப்போது செய்கிறீர்கள் என்பது முக்கியம். இரவில் ஏர்கான் 24 டிகிரியில் ஓடும்போது நல்லபடியாக நிற்கும் கணினி, சிங்கப்பூரின் வீவக வீட்டு அறையில் பிற்பகல் 2 மணிக்கு 32 டிகிரியில் தடுமாறலாம். அறை 8 டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறக்குறைய அதே 8 டிகிரி ஏறும். அதனால் ஏர்கானை அணைத்துவிட்டு மதியத்தில் அளப்பதே உண்மையான அளவு.

வெப்ப உச்சவரம்பு சிப்புக்குச் சிப்பு மாறும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிக் கோர் சிப்புகளுக்கு 100 டிகிரி. ரைசன் 7000 எக்ஸ் வகைகளுக்கு 95. 7800எக்ஸ்3டி-க்கு 89. அதைத் தொட்டதும் சிப் எரிந்துவிடாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000 எக்ஸ் சிப்புகள் முழுச் சுமையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை.

அடுத்தது பயாஸ் புதுப்பிப்பு. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் சிப் வைத்திருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அவற்றில் பல, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைகுலைந்தன. 2024 செப்டம்பரில் வந்த 0x12பி மைக்ரோகோட் (பயாஸ் வழியே சிப்புக்குப் போகும் திருத்தம்), சும்மா இருக்கும்போதும் இலேசான வேலையிலும் மின்னழுத்தம் எகிறுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே பழுதான சிப்பை அது சரிசெய்யாது; அதற்கு உத்தரவாதத்தில் மாற்றுவதுதான் வழி. ரைசன் 7000 சிப்புகள் பொருந்தும் ஏஎம்5 போர்டுகளிலும் 2023க்குப் பிந்தைய பயாஸ், எஸ்ஓசி மின்னழுத்தத்தை (சிப்பில் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்துகிறது. புதுப்பிப்பு ஓடும்போது வீட்டில் யாரும் சுவர் சுவிட்சை அணைத்துவிடாதபடி சொல்லி வையுங்கள்.

இப்போது எல்லைகள். இன்டெல் போர்டில் 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 14700கே-க்கு இன்டெல் தரும் கணக்கு, அடிப்படை 125 வாட், டர்போ 253 வாட். காற்றால் குளிரும் கூலர் என்றால் 253 இந்த ஊர் வெப்பத்துக்குத் தாங்காது. இரண்டாவதான டர்போ எல்லையை 180க்கு இறக்குங்கள். விளையாட்டுகளில் வித்தியாசமே தெரியாது, நீண்ட ரெண்டரிங்கில் மட்டும் சற்றுத் தாமதம். ஏஎம்டியில் 105 வாட் சிப்பின் பிபிடி எல்லை (சிப் எடுக்கக்கூடிய மொத்த வாட்) 142, 65 வாட் சிப்புக்கு 88. 'ஈகோ மோட் 65' வைத்தால் 105 வாட் சிப்பும் 88க்குள் அடங்கும். ஆறு கோர், எட்டு கோர் சிப்புகளுக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை. எல்லையைக் கூட்டும் பிபிஓ (ப்ரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்) வசதியால் வரும் சேதம் ஏஎம்டி உத்தரவாதத்தில் சேராது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வேகம் இன்னும் வேண்டுமென்றால் வாட்டைக் கூட்டாதீர்கள், மின்னழுத்தத்தைக் குறையுங்கள். ரைசனில் அதற்குத்தான் கர்வ் ஆப்டிமைசர். எல்லாக் கோர்களுக்கும் நெகட்டிவ் 10 வைத்துத் தொடங்கி, சோதித்தபின் நெகட்டிவ் 15, 20 என்று ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். பலர் ஏமாறும் இடம் இது: சினிபெஞ்ச் மணிக்கணக்கில் ஓடும், ஆனால் யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். காரணம், முழுச் சுமையில் கோர்கள் உச்ச வேகத்துக்குப் போவதில்லை. இலேசான வேலையில் ஒரே ஒரு கோர் உச்சத்தைத் தொடும்போதுதான் மின்னழுத்தம் போதாமல் போகும். ஆகவே கோர்சைக்ளர் என்ற செயலியை இரவு முழுக்க ஓட விடுங்கள். அது கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும். ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் வீயா லாகர் (WHEA-Logger) 18 என்ற வன்பொருள் பிழைப் பதிவைத் தேடுங்கள். ஒரு கோருக்கு இரண்டு எண்கள் என்பதால், எட்டு கோர் சிப்பில் ஏபிஐசி ஐடி (APIC ID) 6 என்றிருந்தால், 0விலிருந்து எண்ண 3ஆம் கோர். அதற்கு மட்டும் ஐந்து புள்ளி தளர்த்துங்கள். சிப்பின் மிகச் சிறந்த கோர்கள்தான் பெரும்பாலும் முதலில் தடுமாறும், அவற்றுக்கு நெகட்டிவ் எண்ணைக் குறைவாகவே வையுங்கள். இந்தச் சோதனைகளின்போது மெமரியின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அணைந்திருக்கட்டும். இல்லாவிட்டால் பிழை எதனால் என்று பிரித்தறிய முடியாது.

ஏர்கான் அறையில் ப்ராசசர் மேல் நீர் கோக்குமா என்று கவலைப்படுவோர் உண்டு. சாதாரணக் கூலரில் அது நடக்காது, கூலர் எப்போதும் அறைக்காற்றைவிடச் சூடாகவே இருக்கும். மேசைக்கு அடியில் மூடிய தட்டில் கேபினட்டைத் திணிப்பதுதான் கெடுதல். பின்புறம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், தூசு வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவிக் காயவையுங்கள்.

கணினி திரையே காட்டாமல் நின்றால் மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டில் பயாஸ் அமைப்புகளை அழிக்கும் சிமாஸ் பின்கள் இரண்டையும் சில விநாடி ஸ்க்ரூட்ரைவரால் இணையுங்கள்; எல்லா அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பும். பயாஸைப் புதுப்பிக்கும்போதும் இப்படித்தான் நடக்கும், நீங்கள் வைத்த வாட் எல்லைகளும் அழிந்துவிடும். மாற்றுவதற்கு முன்பே அந்தப் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.