பம்ப் நாசிலில் முடியும் சூடான குழாய்: தகைவுப் பகுப்பாய்வைப் படிப்படியாகச் செய்வது எப்படி?

சுத்திகரிப்பு ஆலையில் 260 டிகிரி செல்சியஸில் எண்ணெய் ஓடும் ஓர் 8 அங்குலக் குழாய், வடிப்புக் கோபுரத்தின் அடியிலிருந்து புறப்பட்டு இரண்டாகப் பிரிந்து, ஏ, பி என்ற இரு பம்புகளின் சக்ஷன் நாசில்களில் (எண்ணெயை உள்ளே இழுக்கும் குழாய்வாய்களில்) முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பம்ப் ஓடும்போது மற்றொன்று மாற்றாகக் காத்திருக்கும். பைப்பிங் ஸ்ட்ரெஸ் (குழாய்த் தகைவு, அதாவது குழாயின் பரப்பலகில் எழும் உள்விசை) பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் திணறுவது பெரும்பாலும் இத்தகைய லைனில்தான் என்பதால், இதையே எடுத்துக்கொண்டு வேலையின் வரிசையைப் பார்ப்போம்.

படி 1: தரவுகளைத் திரட்டுங்கள்

லைன் லிஸ்டிலிருந்து (ஆலைக் குழாய்களின் பட்டியல்) அழுத்தம், வெப்பநிலை, இன்சுலேஷன் தடிமன் ஆகியவற்றையும், ஐசோமெட்ரிக் வரைபடத்திலிருந்து குழாயின் பாதையையும் எடுத்துக்கொள்ளலாம். இழுத்தடிப்பது பம்ப் வெண்டரின் வரைபடம். அது இறுதி வடிவில் கைக்கு வருவதற்குள் குழாய்ப் பாதை ஏறக்குறைய முடிவாகியிருக்கும். எனவே தற்காலிக வரைபடத்தை வைத்துத் தொடங்கி, நீங்கள் அனுமானித்த ஒவ்வோர் எண்ணையும் கணக்கின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். நாசிலின் இடம் 100 மி.மீ. நகர்ந்தால்கூடக் கணக்கை மறுபடி ஓட்ட வேண்டும்.

காத்திருக்கும் பம்பின் கிளை எந்த வெப்பநிலையில் இருக்கும் என்பதைப் பிராசஸ் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சிறிய வார்ம்-அப் லைன் வழியாக எண்ணெய் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தக் கிளையும் சூடாகவே இருக்கும். இல்லையென்றால் பிரியும் இடத்திலிருந்து விலக விலகக் குளிர்ந்துகொண்டே போகும்.

படி 2: மென்பொருளைத் திறப்பதற்கு முன் கையால் கணக்கிடுங்கள்

கார்பன் ஸ்டீல் 21 டிகிரியிலிருந்து 260 டிகிரிக்குச் சூடாகும்போது மீட்டருக்குச் சுமார் 3 மி.மீ. நீளும், 10 மீட்டர் நேர்க்குழாய் 30 மி.மீ. நீளும். அதை இரு முனையிலும் அசையவிடாமல் பிடித்தால் உள்ளே எழும் தகைவு ஏறத்தாழ 600 மெகாபாஸ்கல். ஏ106 கிரேடு பி கார்பன் ஸ்டீல் குழாயின் இளகு வலிமையோ (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 240 மெகாபாஸ்கல்தான். ஆகவே அந்த 30 மி.மீ.யை வாங்கிக்கொள்ள, அதற்குச் செங்குத்தான திசையில் ஒரு கை, அதாவது வளைந்துகொடுக்கும் ஒரு குழாய்த்துண்டு, வேண்டும்.

ஆலைக் குழாய்களுக்கான ஏஎஸ்எம்இ பி31.3 நெறிமுறையின்படி விரிவுத் தகைவுக்கான வரம்பு, குளிர்நிலை அனுமதித் தகைவின் 1.25 மடங்குடன் சூடான நிலையினதின் 0.25 மடங்கைக் கூட்டியது. இந்தக் குழாய்க்கு முறையே 138, 130 மெகாபாஸ்கல் என்று கொண்டால் வரம்பு சுமார் 205 வரும். கையின் இரு முனைகளும் சுழலாது என்று எடுத்துக்கொண்டு, 3 × மீள்மைக் குணகம் × வெளிவிட்டம் × நகர்வு ÷ தகைவு வரம்பு என்பதன் வர்க்கமூலத்தைக் கண்டால் (2 லட்சம் மெகாபாஸ்கல், 219.1 மி.மீ., 30 மி.மீ., 205 மெகாபாஸ்கல்) தேவையான நீளம் சுமார் 4.4 மீட்டர்.

புதியவர்கள் பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். சுவர்த்தடிமன் 8.18 மி.மீ. உள்ள இதே குழாயில் அந்த 4.4 மீட்டர் கை, நாசிலைத் தள்ளும் விசை ஏறத்தாழ 25,800 நியூட்டன். திருப்புமை (மொமென்ட்) 56,500 நியூட்டன்-மீட்டர். பம்புகளுக்கான ஏபிஐ 610 தரநிலை 8 அங்குல நாசிலுக்கு அனுமதிக்கும் தொகுவிசை 6,920 நியூட்டன், தொகுதிருப்புமை 4,710 நியூட்டன்-மீட்டர். எல்போக்களின் (வளைவுத் துண்டுகளின்) நெகிழ்வால் உண்மையான சுமை இதைவிடக் குறையும் என்றாலும், குழாய் வரம்புக்குள் நிற்கும்போதே பம்ப் பன்னிரண்டு மடங்கு திருப்புமையை வாங்குகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சுழலும் இயந்திரம் இருக்கும் லைனில் வடிவமைப்பைத் தீர்மானிப்பது நாசில் சுமை. குழாயின் தகைவு அநேகமாகத் தானே அடங்கிவிடும்.

படி 3: மென்பொருள் மாடலில் எல்லை நகர்வுகளையும் உராய்வையும் சேருங்கள்

கோபுரம் சூடாகும்போது அதன் நாசில் மேலே எழும்பும். அந்த நகர்வைக் கொடுக்காத மாடலால் பயனில்லை. எஃகின்மேல் எஃகு நகரும் சப்போர்ட்டுகளுக்கு உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வது வழக்கம். டெஃப்லான் தகடு வைத்தால் 0.1. உராய்வோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் ஓட்டி, பெரிய சுமையை எடுங்கள். உராய்வு குழாயைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி நாசில் சுமையைக் குறைத்துக் காட்டுவது தவறு.

படி 4: சுமை நிலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இரண்டும் சூடு, ஏ சூடு பி குளிர், பி சூடு ஏ குளிர் என மூன்று இயக்க நிலைகள் தேவை. ஒரு கிளை நீள மற்றது நீளாதபோது பிரியும் இடம் பக்கவாட்டில் தள்ளப்படுவதால், மோசமான சுமை பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் கிடைக்கும்.

முடிவுகளில் பம்பை ஒட்டிய சப்போர்ட்டைக் கூர்ந்து பாருங்கள். குளிர்நிலையில் எடையைத் தாங்கும் ஷூ (குழாயின் அடியில் பொருத்திய தாங்கி), சூடானதும் மேலே எழும்பி பீமை விட்டு விலகியிருந்தால், அந்த எடை முழுவதும் நாசிலுக்குப் போகும். அங்கே ஸ்பிரிங் சப்போர்ட் வேண்டும். ஸ்பிரிங் விறைப்பை நகர்வால் பெருக்கிச் சூடான நிலைச் சுமையால் வகுத்தால் வரும் மாறுபாடு 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பம்ப் அருகே இன்னும் குறைவாக வைப்பது நல்லது.

படி 5: பாதையை மாற்றுங்கள்

கையின் நீளத்தை இரட்டித்தால் விசை எட்டில் ஒன்றாகவும் திருப்புமை நான்கில் ஒன்றாகவும் குறையும். ஆனால் சக்ஷன் லைனில் நினைத்தபடி லூப் போட முடியாது: எல்போ கூடினால் அழுத்த இழப்பு கூடும், குழாய் மேலே ஏறி இறங்கினால் வாயு தேங்கும். எனவே கிடைமட்டத்தில் மட்டும் வளைத்து, நாசிலுக்கு அருகே லைன் ஸ்டாப் (குழாய் நீளவாட்டில் நகராமல் தடுக்கும் அமைப்பு) வைத்து விரிவை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். இரு கிளைகளையும் சமச்சீராக அமையுங்கள்.

பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான நெகிழ்இணைப்பு) போட்டால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் நடந்ததைச் சொல்லுங்கள். கழற்றப்பட்ட ஒரு ரியாக்டருக்குப் பதிலாக, இரண்டு பெல்லோஸுக்கு நடுவே 20 அங்குல வளைகுழாயைப் பொருத்தினார்கள். அதற்கான வரைபடம் பணிமனைத் தரையில் சாக்பீஸால் போடப்பட்டது. தகைவுக் கணக்கு செய்யப்படவில்லை. குழாய் பிய்ந்து, கசிந்த சைக்ளோஹெக்சேன் வெடித்ததில் 28 பேர் இறந்தனர். நீளாமல் பிடிக்கும் கட்டுத்தண்டுகள் இல்லாத பெல்லோஸ், உள்ளழுத்தத்தால் இரு பக்கமும் தள்ளும். நம் 8 அங்குலக் குழாயில் 10 பார் அழுத்தத்திற்கே அந்தத் தள்ளுவிசை 40,000 நியூட்டனைத் தாண்டும்.

படி 6: தளத்தில் சரிபாருங்கள்

ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை முடுக்கும்போது பம்பின் தண்டை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கில் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், தண்டு 0.05 மி.மீ.க்கு மேல் அசைந்தால் குழாயைத் திருத்திப் பொருத்த வேண்டும். சறுக்க வேண்டிய ஷூவை யாரேனும் பீமோடு வெல்ட் செய்திருக்கிறார்களா என்பதையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஹைட்ரோடெஸ்ட்டுக்காக (தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை) ஸ்பிரிங்கில் போட்ட பூட்டு ஊசிகளை, லைன் சூடாவதற்கு முன் எடுத்தாக வேண்டும். லைன் முழு வெப்பத்தை எட்டிய பிறகு மறுபடி ஒரு சுற்று நடந்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கின் முள்ளும் சூடான நிலைக் குறியில் நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.