ஹாங்சோ மேற்கு ஏரிக்கு மதியம் போய் ஏமாறாதீர்கள்

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஹாங்சோ ஒரு மணி நேரம்தான். அந்தத் துணிச்சலில் பலரும் ஷாங்காயில் நிதானமாகச் சாப்பிட்டுக் கிளம்பி, பதினொன்றரைக்கு மேற்கு ஏரிக்கரையில் இறங்கி, நாலு மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். படத்தில் வெளுத்த வானம், சாம்பல் நிறத் தண்ணீர், முன்னால் நாற்பது தலைகள். இதையா 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது என்று சலிப்பு வேறு.

ஏரியின் மேல் குற்றமில்லை. எப்போது வர வேண்டும் என்பதை அது பெயரிலேயே சொல்லிவிடுகிறது. தெற்குச் சோங் அரசமரபின் காலத்தில் (12-13-ஆம் நூற்றாண்டுகள்) இங்குள்ள பத்துக் காட்சிகளுக்குப் பெயர் வைத்தார்கள். சூ கரையில் வசந்த விடியல், அமைதியான ஏரிமேல் இலையுதிர்கால நிலா, லெய்ஃபெங் கோபுரத்தில் அந்திவெயில், உடைந்த பாலத்தில் எஞ்சிய பனி என்று போகும் அந்தப் பட்டியல். பாதிக்கு மேல் பருவமோ பொழுதோ பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றில்கூட உச்சிவெயில் இல்லை.

1699-இல் சீனப் பேரரசர் காங்ஷி இந்தப் பெயர்களைத் தம் கையால் எழுதித் தர, கல்லில் வெட்டி நிறுத்தினார்கள். அந்தக் கல்லோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடுவது இன்னொரு தவறு. கல் இருக்கும் இடத்திலிருந்தே காட்சி தெரிய வேண்டும் என்பதில்லை. உடைந்த பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது உடையவே இல்லை. வெயில் படும் பக்கம் பனி உருகி, நிழல் பக்கம் வெள்ளையாக நிற்கும்போது, தூரத்திலிருந்து நடுவில் அறுந்ததுபோலத் தெரியும் என்பது பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. பாலத்தின் மேலேயே நின்றுகொண்டு அதை எப்படிப் பார்ப்பது? வடக்கே பாவோஷி குன்றில் ஏறிப் பாருங்கள். விடியலுக்கும் அதே குன்றுதான் நல்லது. இருட்டில் ஏறுவதால் டார்ச்சும் வழுக்காத செருப்பும் வேண்டும்.

லெய்ஃபெங் கோபுரத்தில் நடப்பது இதைவிட வேடிக்கை. அந்திவெயில் காட்சி என்றதும் டிக்கெட் வாங்கி உச்சிக்குப் போய்விடுகிறார்கள். சூரியன் அழகாக இறங்கும். படத்தில் கோபுரம் மட்டும் இருக்காது! 10-ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய கோபுரம் 1924 செப்டம்பரில் இடிந்து விழுந்தது. அதன் செங்கல்லுக்கு மகிமை உண்டென்று ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் போனதும் அதற்கு ஒரு காரணம். இப்போது நிற்பது 2002-இல் கட்டி முடித்தது, எஸ்கலேட்டரே இருக்கிறது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கும் பழைய செங்கல் குவியலைப் பகலில் பார்த்துவிடுங்கள். மாலையில் தென்கிழக்குக் கரையிலுள்ள சாங்சியாவ் பூங்காவுக்கு வந்துவிட்டால், கோபுரம் கறுத்து நிற்க, அதன் பக்கமாக வெளிச்சம் இறங்கும். குளிர்காலத்தில் ஐந்து மணி, கோடையில் ஏழு மணி. நாலு மணி ரயிலைப் பிடித்தவருக்கு இரண்டுமே கிடைக்காது. ஒரு ராத்திரி தங்குவதுதான் வழி.

விடிந்ததும் சூ கரைக்கு நடக்கலாம். 1090 வாக்கில் இங்கே ஆட்சியராக இருந்த கவிஞர் சூ ஷி, ஏரியைத் தூர்வாரிய சேற்றைக் கொட்டிப் போட்ட கரை அது. 2.8 கி.மீ. நீளம், ஆறு பாலம். அந்நேரத்தில் பெரும்பாலும் மூடுபனி இருக்கும். வீட்டுக்கு வந்து செயலியில் அதைத் துடைத்தெடுத்துப் 'பளிச்'சென்று ஆக்குகிறார்களே, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பாவம். அடுக்கடுக்காக மங்கும் மலைதான் இந்த ஏரியின் அழகே. அகலக்கோண லென்ஸும் வேண்டாம். மலையெல்லாம் எறும்பு வரிசையாகிவிடும்; இரண்டு மூன்று மடங்கு ஜூம் போதும்.

அக்டோபர் முதல் வாரமும் மே தின விடுமுறையும் சீனாவே கிளம்பி வரும் நாட்கள். எள் போட்டால் எள் விழாது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2024 முதல் அங்கே விதிகள் கடுமை, பதிவில்லாமல் பறக்கவிட முடியாது. கூகுள் மேப்பை நம்பினால் நீங்கள் கரையில் நிற்பீர்கள், நீலப் புள்ளி தண்ணீருக்குள் நிற்கும். சீன வரைபடங்களின் ஆயத்தொலைவுக் கணக்கே வேறு. ஆமேப் (Amap) என்ற சீன வரைபடச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்.

படகில் ஏறுமுன், ஏரிக்குள் இருக்கும் சியாவோயிங்சோ தீவில் இறக்கிவிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் படகும் இறக்காது. தீவுக்குப் பக்கத்தில் தண்ணீரில் நிற்கும் மூன்று சிறு கல்தூண்கள்தான் 1 யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பவை. நோட்டைக் கையில் பிடித்து, பின்னால் தூண்கள் தெரியப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் அலிபே என்ற கைபேசிப் பணச் செயலி பிறந்த ஊர் இது, பூக்காரர்கூட க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். சில்லறை கேட்டால் பெரும்பாலும் நாணயம்தான் வரும். ஒரு நோட்டை முன்கூட்டியே வங்கியில் வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.